நேரத்தை நிறுத்துப் பார்த்தவர்

கலிலியோ கலிலி (1564–1642)

க.பொ.த. உயர்தரத்தில் பௌதிகவியல் படித்த எம் எல்லோருக்கும் சாய்தளம் தெரியும். ஒரு பலகை, அதன் ஒரு முனைக்குக் கீழே அடுக்கிய புத்தகங்கள், உருண்டு வரும் ஒரு குண்டு, கையில் ஒரு நிறுத்தற் கடிகாரம். தூரத்தையும் நேரத்தையும் அட்டவணையில் எழுதுவோம். நேரத்தின் வர்க்கத்துக்கு எதிரே தூரத்தைக் குறித்து வரைபு கீறினால் நேர்கோடு வரும். அதன் படித்திறனிலிருந்து ஆர்முடுகலைப் பெறுவோம். பரீட்சை முடிந்ததும் பெரும்பாலும் அதை மறந்தும் விடுவோம்.

இந்தப் பரிசோதனையைச் செய்து உலகுக்குத் தந்தவரிடம் நிறுத்தற் கடிகாரம் இருக்கவில்லை. வினாடிகளை நம்பகமாகக் காட்டும் ஊசற் கடிகாரம் அவர் இறந்து 14 ஆண்டுகளின் பின்னரே, 1656இல், ஹைஜன்ஸ் என்பவரால் உருவாக்கப்பட்டது. வரைபுத்தாள் இல்லை. தசமப் புள்ளி கூட அவர் கணக்கில் இல்லை. மருத்துவம் படிக்கப் போய் இடைநடுவில் விட்டவர் அவர். கடன்காரக் குடும்பத்தின் மூத்த மகன். இரண்டு பெண்பிள்ளைகளின் தந்தை. எமது கல்லூரியின் பழைய மாணவிகள் சங்கம் நூறு ஆண்டுகளைக் காணும் இவ்வேளையில், அந்த மனிதரின் வாழ்வை அவருடைய சாய்ந்த பலகையின் வழியே சொல்லிப் பார்க்க விரும்புகிறோம்.

இசைக்கலைஞரின் மகன்

கலிலியோ 1564ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் திகதி இத்தாலியின் பீசா நகரில் பிறந்தார். தந்தை வின்சென்சோ, லூட் என்னும் நரம்பு வாத்தியம் வாசிப்பவர். இசை பற்றி நூல்கள் எழுதியவர். நரம்பின் இழுவிசைக்கும் அது எழுப்பும் சுரத்துக்கும் உள்ள தொடர்பு பற்றிப் பழைய நூல்கள் சொன்னதை அவர் அப்படியே ஏற்கவில்லை. நரம்புகளில் எடைகளைத் தொங்கவிட்டுத் தாமே சோதித்தார். ஒரு சுரத்தை அதன் மேல் ஸ்தாயிக்கு உயர்த்த எடையை இரண்டு மடங்காக்கினால் போதாது, நான்கு மடங்காக்க வேண்டும் என்று கண்டார். பெரியோர் எழுதியதையும் கையால் தொட்டுச் சரிபார்க்கலாம் என்ற பாடம் மகனுக்கு வீட்டிலேயே கிடைத்தது.

மகன் வைத்தியராக வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். எம்மில் பலர் வீட்டில் கேட்டு வளர்ந்த விருப்பந்தான் அது. 1581இல் கலிலியோ பீசா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். அன்றைய மருத்துவக் கல்வி பெரும்பாலும் பண்டைய வைத்தியர் கேலனின் நூல்களை ஓதி விளங்கிக்கொள்வதாகவே இருந்தது. அவருக்கு அதில் மனம் ஒட்டவில்லை. ஒஸ்திலியோ ரிச்சி என்ற ஆசிரியரிடம் யூக்கிளிட்டையும் ஆர்க்கிமிடீசையும் படிக்கத் தொடங்கியபின் மருத்துவப் பக்கம் திரும்பவில்லை. 1585இல் பட்டம் பெறாமலே வெளியேறினார்.

எனினும் மருத்துவம் அவரை முற்றாகக் கைவிடவில்லை. பீசாத் தேவாலயத்தில் ஆடிய விளக்கின் அலைவுகளைத் தம் நாடித்துடிப்பால் அளந்தார் என்று அவருடைய கடைசிக்கால மாணவர் விவியானி எழுதிவைத்தார். அச்சம்பவம் அப்படியே நடந்ததா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே ஐயம் உண்டு. ஆனால் ஊசலின் அலைவு நேரம் அதன் நீளத்தைப் பொறுத்தது என்பதைக் கலிலியோ ஆராய்ந்தார் என்பதில் ஐயமில்லை. அதே காலத்தில் சான்டோரியோ என்ற வைத்தியர், ஒரு நூலில் சிறு குண்டைக் கட்டி, நோயாளியின் நாடியோடு அது ஒத்து ஆடும்வரை நூலின் நீளத்தைக் கூட்டிக் குறைத்து, அந்த நீளத்தை நாடியின் அளவாகக் குறித்துக்கொண்டார். நாடியைப் பார்ப்பது நாடியை அளப்பதாக மாறிய காலம் அது.

வீழ்ச்சியை மெதுவாக்குதல்

1589இல் பீசாவிலேயே கணிதப் பேராசிரியர் பதவி கிடைத்தது. ஆண்டுச் சம்பளம் 60 ஸ்கூடி; மருத்துவப் பேராசிரியர்கள் பெற்றது இதைவிடப் பன்மடங்கு. 1591இல் தந்தை இறந்தார். தாய், தம்பி, தங்கைமார் எல்லோரும் மூத்தவரின் பொறுப்பாயினர். தங்கைமாருக்கு வாக்களித்த சீதனம் பல ஆண்டுகள் அவர் கழுத்தை நெரித்தது. 1592இல் கூடிய சம்பளத்துக்குப் பாதுவா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே 18 ஆண்டுகள் இருந்தார். வீட்டில் மாணவர்களைத் தங்கவைத்து வாடகை வாங்கினார், தனிவகுப்பு எடுத்தார், கணிப்புக்கான கவராயம் ஒன்றை வடிவமைத்து, 1599இல் மாசொலேனி என்ற கைவினைஞரை வீட்டோடு வைத்துச் செய்வித்து விற்றார். இத்தனைக்கும் நடுவில்தான் ஒரு கேள்வி அவரை விடாமல் பற்றியிருந்தது. பொருள்கள் எப்படி விழுகின்றன?

பாரமான பொருள் பாரத்துக்கேற்ப வேகமாக விழும் என்பது அரிஸ்டோட்டிலின் கூற்று. அதை ஐயுற்றவர்கள் முன்னரும் இருந்தனர். நெதர்லாந்தின் ஸ்டெவின், ஒன்று மற்றதைவிடப் பத்து மடங்கு பாரமான இரண்டு ஈயக் குண்டுகளை 30 அடி உயரத்திலிருந்து போட்டு, இரண்டும் ஒன்றாகவே விழுந்த சத்தம் கேட்டதென 1586இல் எழுதினார். ஆகவே அரிஸ்டோட்டில் பிழை என்று காட்டுவது கடினமான பகுதி அல்ல. விழும்போது வேகம் என்ன கணக்கில் கூடுகிறது என்பதே கடினமானது. அதற்கு விழும் நேரத்தை அளக்கவேண்டும். 5 மீற்றர் உயரத்திலிருந்து விழும் கல் ஒரு வினாடியில் தரையில் இருக்கும். பீசாக் கோபுரத்தின் உச்சியிலிருந்தே போட்டாலும் மூன்று வினாடிக்குச் சற்றுக் கூட. நாடித்துடிப்பைத் தவிர வேறு கடிகாரம் இல்லாதவர் அதற்குள் எதை அளப்பார்?

கலிலியோ கண்ட வழி எளிமையானது. விழும் பொருளைப் பின்தொடர முடியாவிட்டால், வீழ்ச்சியையே மெதுவாக்கிவிடலாம். சரிவில் உருள்வதும் ஒருவகை வீழ்ச்சிதான். சரிவைக் குறைத்தால் வீழ்ச்சி நிதானமாகும். ஆனால் அதன் இயல்பு மாறாது.

அவர் தந்த விவரம் இது. 12 முழம் நீளமான மரச்சட்டம். அவருடைய முழம் ஏறத்தாழ 58 சென்ரிமீற்றர் என்பதால், இது 7 மீற்றர். அதன் விளிம்பில் ஒரு விரலகலத்துக்குச் சற்றுக் கூடிய தவாளிப்பு. அதை நேராகவும் வழுவழுப்பாகவும் செதுக்கி, உள்ளே பதனிட்டு மெருகேற்றிய மெல்லிய தோல் ஒட்டப்பட்டது. நன்கு உருண்டையான, கடினமான வெண்கலக் குண்டு ஒன்று அதில் உருளும். சட்டத்தின் ஒரு முனையை ஒரு முழமோ இரண்டு முழமோ உயர்த்தினார். ஒரு முழ உயரத்தில் வைத்தால் குண்டு கீழே வர ஏறத்தாழ 5 வினாடி எடுக்கும் என்று இன்றைய சமன்பாட்டால் கணிக்கலாம். அதே ஒரு முழ உயரத்திலிருந்து நேரே விழுந்தால் வினாடியின் மூன்றில் ஒரு பங்குதான். கண் சிமிட்டும் பொழுதை அவர் ஒரு மூச்சளவுக்கு நீட்டிவிட்டார்.

நேரத்தை அளக்க அவர் தண்ணீரைப் பயன்படுத்தினார். உயரத்தில் ஒரு பெரிய பாத்திரம்; அதன் அடியில் மெல்லிய குழாய். குண்டை விட்டதும் குழாய் திறக்கும். குண்டு குறித்த இடத்துக்கு வந்ததும் மூடும். அந்த இடைவெளியில் கிண்ணத்தில் சேர்ந்த நீரை நுண்ணிய தராசில் நிறுத்தார். நீரின் நிறை இரண்டு மடங்கென்றால் நேரமும் இரண்டு மடங்கு. வினாடி என்ற அலகே அவருக்குத் தேவைப்படவில்லை. விகிதம் போதுமாக இருந்தது.

இது எம்மைப் போன்ற வைத்தியர்களுக்கு அந்நியமான முறை அல்ல. பம்புகள் இல்லாத விடுதிகளில் சேலைன் ஏற்றும்போது, நிமிடத்துக்கு எத்தனை துளி என்று எண்ணியே மருந்தின் அளவைக் கட்டுப்படுத்துகிறோம். சாதாரண குழாயில் 20 துளி ஒரு மில்லிலீற்றர். நாம் கடிகாரத்தைக் கொண்டு துளியை அளக்கிறோம். கலிலியோ துளியைக் கொண்டு காலத்தை அளந்தார்.

முழு நீளத்தையும் உருள எடுத்த நேரத்தில் சரிபாதிதான் கால்வாசித் தூரத்துக்கு எடுத்தது. வேறு தூரங்களையும் வேறு சரிவுகளையும் எடுத்துப் பார்த்தார். நூறு தடவை திரும்பத் திரும்பச் செய்ததாகவும், வேறுபாடு நாடித்துடிப்பின் பத்தில் ஒரு பங்கைத் தாண்டவில்லை என்றும் எழுதினார். தூரம் எப்போதும் நேரத்தின் வர்க்கத்துக்கு நேர்விகித சமமாகவே நின்றது. முதல் துடிப்பில் ஒரு பங்கு தூரம் என்றால், அடுத்ததில் மூன்று, அதற்கடுத்ததில் ஐந்து, பின்னர் ஏழு.

வேகத்தை எப்படி அளப்பது?

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. தூரத்தையும் நேரத்தையும் அளந்துவிட்டால் சராசரி வேகம் கிடைக்கும். ஆனால் சரிவில் உருளும் குண்டுக்கு ஒரு கணத்தில் உள்ள வேகம் அடுத்த கணத்தில் இல்லை. நிற்காத ஒன்றை எப்படிப் பிடிப்பது?

முதலில் கலிலியோவே வழி தவறினார். 1604 ஒக்டோபரில் வெனிஸ் நகரத் துறவியும் நண்பருமான பாவோலோ சார்ப்பிக்கு எழுதிய கடிதத்தில், தூரத்தின் விதியைச் சரியாகச் சொல்லிவிட்டு, வேகம் கடந்த தூரத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்ற பிழையான அடிப்படையிலிருந்து அதைப் பெற முயன்றார். வேகம் கடந்த நேரத்துக்கு ஏற்பவே கூடுகிறது என்று தெளியப் பின்னும் சில ஆண்டுகள் சென்றன. முன்னர் தாம் வேறுவிதமாக நினைத்திருந்ததைப் பிற்கால நூலில் அவர் மறைக்கவில்லை. அளவைகள் சொன்னதற்குத் தம் எண்ணத்தை வளைத்துக்கொண்டாரே தவிர, எண்ணத்துக்காக அளவைகளை வளைக்கவில்லை.

வேகத்தைப் பிடிக்க அவர் கண்ட உபாயம், அதைக் கூடவிடாமல் நிறுத்திவைப்பது. சரிவின் அடியில் வந்த குண்டு மட்டமான மேசையில் ஓடினால், அங்கே வேகம் கூடவும் மாட்டாது, உராய்வு சிறிதானால் அதிகம் குறையவும் மாட்டாது. சரிவில் இறங்க எடுத்த அதே நேரத்தில், மட்டத்தில் அது சரிவின் நீளத்தைப் போல இரண்டு மடங்கு தூரம் ஓட வேண்டும். இறுதி வேகம் சராசரி வேகத்தின் இருமடங்கு என்பதே அதன் பொருள்.

அத்துடன் நில்லாமல், குண்டை மேசை விளிம்பிலிருந்து வெளியே பாயவும் விட்டார். மேசையின் உயரம் மாறாததால் தரையில் விழ எடுக்கும் நேரமும் மாறாது. ஆகவே குண்டு எவ்வளவு தள்ளி விழுகிறதோ அதுவே அதன் வேகத்தின் அளவு. தரையில் விழுந்த தடமே வேகமானியாகிவிட்டது.

அவருடைய கையெழுத்துக் குறிப்புகளில் ஒரு தாள் இதற்குச் சாட்சி. 1608ஆம் ஆண்டைச் சேர்ந்ததெனக் கருதப்படும் அத்தாள் இன்று புளோரன்ஸ் நகர நூலகத்தில் இருக்கிறது. மேசையின் உயரம் 828 புள்ளி. அவருடைய அளவுகோலில் ஒரு புள்ளி ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. குண்டு 300 புள்ளி உயரத்திலிருந்து இறங்கியபோது 800 புள்ளி தள்ளி விழுந்தது. 600 புள்ளி உயரத்துக்குக் கணக்கின்படி 1131 வரவேண்டும், வந்தது 1172. 800 புள்ளி உயரத்துக்கு 1306 வரவேண்டும், வந்தது 1328. 1000 புள்ளி உயரத்துக்கு 1460 வரவேண்டும், வந்தது 1500. வரவேண்டியது, வந்தது, இரண்டுக்குமிடையே உள்ள வித்தியாசம் ஆகியவற்றை அவர் அருகருகே எழுதிவைத்தார். எமது ஆய்வுகூடக் கொப்பியில் வித்தியாசத்தை அழித்துவிட்டு விடையைப் பொருத்தி எழுத ஆசைப்படாதவர் யார்? நானூறு ஆண்டுகளுக்கு முந்திய இந்தக் கொப்பியில் வித்தியாசம் அப்படியே இருக்கிறது. இந்தச் சோதனைகளின் தொடர்ச்சியாகவே எறியத்தின் பாதை பரவளைவு என்பதும் அவருக்குப் புலப்பட்டது.

உருளும் குண்டு வழுக்கும் பொருளைவிடச் சற்று மெதுவாக இறங்கும்; திண்மக் கோளம் சமதளத்தில் உருளும்போது ஆர்முடுகல் வழுக்குவதன் ஏழில் ஐந்து பங்குதான் என்று இன்று படிக்கிறோம். கலிலியோவுக்கு அது தெரியாது. ஆனால் எல்லா உருளலுக்கும் அதே பங்கு என்பதால் அவருடைய விகிதங்கள் பிழைக்கவில்லை.

வானமும் வழக்கும்

இந்த அளவைகளை எழுதி வெளியிடும் வேளையில், 1609இல், ஒல்லாந்தில் செய்யப்பட்ட தொலைகாட்டி பற்றிய செய்தி வந்தது. கலிலியோ தாமே சிறந்த ஒன்றைச் செய்து வானத்துக்குத் திருப்பினார். 1610 ஜனவரியில் வியாழனைச் சுற்றும் நான்கு துணைக்கோள்களைக் கண்டார். மார்ச்சில் நூல் வெளிவந்தது. ஐரோப்பா முழுவதும் பெயர் பரவியது. அதே ஆண்டு புளோரன்ஸ் திரும்பி, பெருங்கோமகனின் கணிதராகவும் மெய்யியலாளராகவும் பதவியேற்றார். சாய்ந்த பலகையின் தாள்கள் பெட்டிக்குள் போயின.

அதன் பிறகு நடந்ததை உலகம் அறியும். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கொப்பனிக்கஸின் கருத்தைத் தாங்கிப் பேசக்கூடாதென 1616இல் எச்சரிக்கப்பட்டார். 1632இல் உலக அமைப்புகள் பற்றிய உரையாடல் நூலை வெளியிட்டார். 1633இல் ரோமில் திருவிசாரணை மன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார். ஜூன் 22ஆம் திகதி, 69 வயதில், முழந்தாளிட்டுத் தம் கருத்தை மறுதலித்தார். நூல் தடைசெய்யப்பட்டது. முதலில் சியேனாவில் பேராயர் பிக்கொலோமினியின் இல்லத்தில் தங்கவைக்கப்பட்டு, டிசம்பரில் புளோரன்ஸுக்கு அருகே ஆர்ச்செத்ரி என்ற ஊரில் உள்ள தம் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். வாழ்நாள் முழுவதும் வீட்டுக்காவல்.

மடத்தில் இருந்த மகள்

ஆர்ச்செத்ரி வீட்டை அவர் 1631இல் எடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அருகில் இருந்த புனித மத்தேயு கன்னியர் மடத்தில் அவருடைய இரண்டு மகள்மார் இருந்தனர்.

பாதுவாவில் இருந்தபோது மரீனா காம்பா என்ற பெண்ணுடன் அவருக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தனர்: விர்ஜீனியா 1600இல், லிவியா 1601இல், மகன் வின்சென்சோ 1606இல். அவர்கள் திருமணம் செய்துகொள்ளவில்லை. மகனுக்குப் பின்னர் சட்டபூர்வ அந்தஸ்து வாங்கிக் கொடுத்துப் பல்கலைக்கழகம் அனுப்பினார். மகள்மாரை 1613இல், 13 வயதும் 12 வயதும் ஆனபோது, மடத்தில் சேர்த்தார். திருமணத்துக்குப் புறம்பே பிறந்த பெண்களுக்கு நல்ல இடத்தில் மணமுடிக்கப் பெருஞ்சீதனம் வேண்டியிருந்த காலம் அது. தங்கைமாரின் சீதனக் கடனில் நொந்தவர், மகள்மாருக்கு அந்த வழியை எண்ணவே இல்லை. இவ்விடயத்தில் அவர் தம் காலத்தின் வழக்கத்தை அளந்து பார்க்கவில்லை, அப்படியே ஏற்றுக்கொண்டார்.

மூத்தவர் மரியா செலஸ்தே என்ற பெயருடன் துறவறம் பூண்டார். அவர் தந்தைக்கு எழுதிய 124 கடிதங்கள் இன்றும் உள்ளன. தந்தை எழுதிய பதில்கள் கிடைக்கவில்லை. கடிதங்களில் தெரிவது கூரிய அறிவும் ஓயாத உழைப்பும். வறிய மடத்தில் மருந்து தயாரிக்கும் பொறுப்பு அவருடையது. கொள்ளைநோய்க் காலத்தில் தந்தைக்கும் மருந்து செய்து அனுப்பினார். தந்தை ரோமில் விசாரணைக்கு நின்றபோது அவருடைய வீட்டின் கணக்கு வழக்கை மடத்தில் இருந்தபடியே நடத்தினார். தண்டனையாக வாரந்தோறும் ஓதவேண்டுமென விதிக்கப்பட்ட ஏழு திருப்பாடல்களையும் தந்தைக்குப் பதிலாகத் தாமே ஓத ஏற்றுக்கொண்டார்.

கலிலியோ வீடு திரும்பிச் சில மாதங்களே சென்றன. 1634 ஏப்ரல் 2ஆம் திகதி, 33 வயதில், மரியா செலஸ்தே வயிற்றுளைவினால் இறந்தார். இன்று எமது ஊர்ப் பிள்ளைகளுக்குத் தாய்மார் கரைத்துக் கொடுக்கும் ஜீவனிப் பக்கற்றில் உள்ள உப்பும் சீனியும் அன்று எந்த மருந்துப் பெட்டியிலும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு ஒரு பாடசாலையும் ஒரு பல்கலைக்கழகமும் திறந்திருந்தால் அவர் என்னவாகியிருப்பார் என்று எண்ணாமல் எம்மால் இந்த இடத்தைக் கடக்க முடியவில்லை. மருந்தும் கணக்கும் தெரிந்த பெண்பிள்ளை ஒருத்திக்கு மடத்தின் கதவைத் தவிர வேறு கதவு இருந்ததில்லை. எம்முடைய பாட்டிமாருக்கு எழுத்தறிவித்துக் கதவு திறந்துவிட்ட இந்தக் கல்லூரியின் அருமை, இப்படியான வாழ்வுகளைப் படிக்கும்போதே முழுமையாக விளங்குகிறது.

பார்வை இழந்தவரின் புத்தகம்

துயரத்தில் முடங்கியவரை எழுப்பியது பழைய தாள்கள்தான். சியேனாவிலேயே தொடங்கியிருந்த புதிய நூலை ஆர்ச்செத்ரியில் தொடர்ந்தார். சூரியனும் பூமியும் அவருக்குத் தடைசெய்யப்பட்டிருந்தன. உருளும் குண்டைப் பற்றி எழுத எவரும் தடைபோட நினைக்கவில்லை. ஆயினும் அவருடைய எந்த நூலையும் அச்சிட அனுமதி கிடைக்கவில்லை. கையெழுத்துப் பிரதி நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்லப்பட்டு, 1638இல் ஒல்லாந்தின் லெய்டன் நகரில் எல்செவியர் அச்சகத்தில் வெளிவந்தது. இரண்டு புதிய விஞ்ஞானங்கள் பற்றிய உரையாடல் அது. பாதுவாவில் நாற்பது வயதில் தண்ணீரை நிறுத்துப் பெற்ற விதி, 74 வயதில் உலகின் கைக்கு வந்தது. அதைத் தம் கண்ணால் படிக்க அவரால் முடியவில்லை. 1637இன் முடிவில் இரண்டு கண்களும் முற்றாகப் பார்வை இழந்துவிட்டன.

அந்நூலில்தான் சரிவுகளைப் பற்றிய அவருடைய எண்ணம் முழுமையாக விரிகிறது. சரிவைக் கூட்டிக்கொண்டே போனால் கடைசியில் வருவது செங்குத்து வீழ்ச்சி. ஆகவே சரிவில் கண்ட விதி வீழ்ச்சிக்கும் பொருந்தும். சரிவைக் குறைத்துக்கொண்டே போனால் கடைசியில் வருவது மட்டம். அங்கே ஓடும் குண்டு தடையில்லாவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த இரண்டாவது எண்ணமே பின்னர் நியூட்டனின் முதலாம் விதிக்கு வழிகாட்டியது.

கலிலியோ 1642 ஜனவரி 8ஆம் திகதி காலமானார். விவியானியும் டொரிசெல்லியும் அருகில் இருந்தனர். பெரிய கல்லறை எழுப்ப அனுமதி கிடைக்காமல் புளோரன்ஸின் சாந்தா குரோச்சே ஆலயத்தில் ஒதுக்கமான இடமொன்றில் அடக்கம் செய்யப்பட்டார். 1737இல் எச்சங்களை ஆலயத்தின் பெரிய நினைவிடத்துக்கு மாற்றியபோது அவற்றோடு ஒரு பெண்ணின் எச்சங்களும் காணப்பட்டன. அது மரியா செலஸ்தே என்று நம்பப்படுகிறது. விசாரணையில் இழைக்கப்பட்ட தவறை 1992இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் ஏற்றுக்கொண்டார்.

அவருடைய பரிசோதனையும் ஐயத்துக்குத் தப்பவில்லை. தண்ணீர்க் கடிகாரத்தால் அத்தனை துல்லியம் சாத்தியமில்லை, அவர் கற்பனையில் செய்திருப்பார் என்று 20ஆம் நூற்றாண்டின் பெரிய வரலாற்றாசிரியர் கொய்ரே கருதினார். 1961இல் தொமஸ் செற்றில் என்ற ஆய்வு மாணவர் நூலில் உள்ளபடியே பலகையும் குண்டும் நீரும் வைத்துச் செய்துபார்த்தார். கலிலியோ சொன்ன துல்லியம் கிடைத்தது. 1970களில் ஸ்ரில்மன் டிறேக் பழைய தாள்களை ஆராய்ந்து, இன்னொரு தாளில் சம நேரங்களில் குண்டு கடந்த தூரங்களைக் கண்டெடுத்தார்: 33, 130, 298, 526, 824, 1192, 1620, 2104. அருகே 1, 4, 9 என 64 வரை வர்க்க எண்கள். 33ஐ இவ்வெண்களால் பெருக்கிப் பாருங்கள். எவ்வளவு நெருக்கம் என்பது தெரியும். அவர் தவாளிப்பில் நரம்புகளைக் குறுக்கே கட்டி, குண்டு அவற்றில் தட்டும் ஒலி தாளத்தோடு ஒத்து வரும்வரை இடம் மாற்றியிருக்கலாம் என்பது டிறேக்கின் ஊகம். வீணையில் மெட்டு வைப்பது போன்ற வேலை. இசைக்கலைஞரின் மகனுக்கு அது கைவராத வேலையல்ல.

தங்கைகளுக்கு

எம் தலைமுறையில் பலர் மின்சாரமும் பற்றரியும் அரிதாய் இருந்த நாட்களில் படித்தவர்கள். கருவிகள் குறைந்த ஆய்வுகூடத்தில் கற்ற எமக்குக் கலிலியோவின் வாழ்வு ஒரு ஆறுதலாக மட்டும் இருக்கவில்லை. ஒரு முறையாகவும் இருந்தது. கருவி இல்லையென்றால் கேள்வியைக் கைவிடவேண்டியதில்லை. அளக்க முடியாத வேகத்தில் வருவதை அளக்கக்கூடிய வேகத்துக்கு மெதுவாக்கலாம். நோயாளியின் முன் நிற்கும்போதும் இதையே செய்ய முயல்கிறோம்: ஊகிக்கும் முன் நாடியை எண்ணுகிறோம், ஒருமுறை எடுத்த அளவை நம்பாமல் திரும்ப எடுக்கிறோம், எதிர்பார்த்ததும் கிடைத்ததும் வேறுபட்டால் கிடைத்ததையே குறிப்பேட்டில் எழுதுகிறோம்.

இன்று கல்லூரியின் ஆய்வுகூடத்தில் நிற்கும் தங்கைகளுக்கு எம்மிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த தடவை சாய்தளப் பரிசோதனை வரும்போது, ஒருமுறையாவது கடிகாரத்தை ஒதுக்கி வையுங்கள். அடியில் சிறு துளையிட்ட ஒரு பாத்திரம், ஒரு கிண்ணம், ஒரு தராசு, ஒரு நீளமான பலகை, ஒரு மாபிள் குண்டு போதும். துளையை விரலால் மூடித் திறக்கப் பழகச் சிறிது நேரம் எடுக்கும். முதல் பத்துத் தடவை விடை வராது. அதன்பின் வரும். வந்ததை, வித்தியாசத்தோடு, கொப்பியில் எழுதிவையுங்கள்.